ஊதாத பின்கதவு

காற்றுத் துப்பாக்கியின் விசையை அழுத்தினார் கூ பாவ்லின். அது ஒருமுறை தும்மிவிட்டு அடங்கியது.

"வரலையா?" என்று கொட்டகை வாசலிலிருந்து கேட்டாள் மனைவி ஷூச்சின்.

"வரும்."

"எப்ப வரும்?"

"வர்றப்ப வரும். நீ போய்த் தலையைச் சீவு."

"சீவியாச்சு. உன் பையனுக்கு இன்னிக்குக் கல்யாணம். ஞாபகம் இருக்கில்ல?"

ஞாபகம் இருந்ததால்தான், உறைநிலைக்கு முப்பது டிகிரி கீழே கிடந்த அந்த வடகிழக்குச் சீனத்து ஜியாமுசி நகரக் காலையிலும் பாவ்லினுக்கு வியர்த்தது.

கொட்டகை நடுவே ஒரு கறுப்புக் கார் நின்றிருந்தது. சர்க்கரை ஆலை மேனேஜருடையது. மணப்பெண்ணை அழைத்துவர இரவல் வாங்கியிருந்தார்கள். நிச்சயதார்த்தத்தன்று பெண்ணின் அம்மா, "கார் கழுவுற வீடுதானே" என்று யாரிடமோ மெல்லச் சொன்னது பாவ்லின் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கே அவர் வாக்குக் கொடுத்தார். "சம்பந்தியம்மா, உங்க பொண்ணு முகம் பார்த்துத் தலை வாரிக்கிற மாதிரி பளபளன்னு ஒரு கார்ல வந்து இறங்குவா. இறங்கலைன்னா என்னைக் கேளுங்க."

அதோடு இன்னொன்றும் இருந்தது. பெண் வந்து இறங்கி, மாப்பிள்ளையின் பெற்றோரை வணங்கி, எல்லாம் உச்சிப் பொழுதுக்குள் முடிந்தாக வேண்டும். உச்சி தாண்டி வணங்கினால், "இது ரெண்டாங் கல்யாணமாமே" என்று ஊர் பேசும். ஊருக்குப் பேச வேறு வேலை கிடையாது.

இப்போது காற்று வரவில்லை.

அந்த ஊரில் காரைக் கழுவுவது பெரிய வித்தையில்லை. கழுவிய பிறகு கதவு இடுக்கு ஒவ்வொன்றிலும் காற்றடித்து ஈரத்தை விரட்டுவதுதான் வித்தை. விட்டால் ரப்பரும் தகரமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, மார்ச் மாதம் வரை விடாது.

"நேத்து ராத்திரி கம்ப்ரஸர்ல தண்ணியை இறக்குனியா?" என்று கேட்டாள் ஷூச்சின்.

காற்றை அடைத்து வைக்கும் உருளையின் அடியில் ஈரம் தண்ணீராகத் தேங்கும். படுக்கப் போகுமுன் அடிக்குழாயைத் திறந்து அதை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காலையில் குழாய் முழுக்க ஐஸ். ஊரில் கார் கழுவுகிற எவரும் பல் விளக்க மறந்தாலும் இதை மறப்பதில்லை. ஆனால் நேற்று ராத்திரி பாவ்லின் தன் மச்சான் மெங்குடன் உட்கார்ந்து வேறு சரக்கைத் தொண்டைக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்.

"இறக்கினேனே," என்றார் பாவ்லின்.

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

"வேலை நேரத்துல முகம் பார்க்கச் சொல்றா பாரு. போ, போ. பையன் சட்டைப் பொத்தானைப் போட்டானான்னு பாரு."

அவள் போனதும் முதலில் சோப்புப் பீப்பாயைத் திறந்தார். சோப்புத் தண்ணீர் கஞ்சி மாதிரி உறைந்திருந்தது. கலக்கினால் கரண்டி நிமிர்ந்து நின்றது. உறையாமல் இருக்க எதையாவது ஊற்ற வேண்டும். அலமாரியில், இன்ஜின் தண்ணீர் உறையாமல் இருக்க ஊற்றுகிற கூலன்ட் டப்பா ஒன்று, லாரிக்காரர் ஒருவர் விட்டுப்போனது, இருந்தது. முழுதும் கவிழ்த்தார். கஞ்சி இளகியது. நல்ல வாழையிலைப் பச்சையாக இளகியது.

கழுவும்போது ஒன்றும் தெரியவில்லை. வெந்நீர் விட்டு அலசும்போதும் தெரியவில்லை. அலசிய கையோடு, மெங் மச்சான் கொட்டகைக் கதவை அகலத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். கூடவே குளிரும் வந்தது. காரின் கூரையில் மிச்சமிருந்த நுரை அப்படியே உறைந்தது.

மச்சான் ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். பச்சை நிறத்தை எவ்வளவு தூரத்திலும் கண்டுகொள்வார்.

"பாவ்லின், கார் தலையில என்ன அது பச்சையா?"

"வெளிச்சம் அப்படித் தெரியுது, மச்சான்."

"வெளிச்சம் இல்ல, தொப்பி. கல்யாணக் காருக்குப் பச்சைத் தொப்பி போட்டு அனுப்புற ஒரே அப்பன் இந்த மாகாணத்துல நீதான்."

பெண்டாட்டி ஊர் மேயப் போனவனைத்தான் அந்த ஊரில் பச்சைத் தொப்பிக்காரன் என்பார்கள். மணமகன் ஏறுகிற காரின் உச்சந்தலையில் அந்த நிறம். பாவ்லின் சுரண்டிப் பார்த்தார். நகம்தான் போனது. பிறகு வீட்டுக்குள் ஓடி, வாசலில் கட்டுவதற்காக வைத்திருந்த சிவப்புப் பட்டுத்துணியைக் கொண்டுவந்து கூரை முழுவதும் போர்த்தி, நான்கு மூலையிலும் கயிறு போட்டு இறுக்கினார்.

"இப்ப எப்படி?"

"இப்பத் தலைவலிக்காரன் மாதிரி இருக்கு," என்றார் மச்சான். "சரி, காத்து எங்க?"

"குழாய் கொஞ்சம் அடைச்சிருக்கு."

"நேத்துத் தண்ணியை..."

"மெதுவாப் பேசுங்க. உங்க தங்கச்சிக்குக் காது ரெண்டும் கொட்டகைப் பக்கம்தான்."

மச்சானுக்கு முகம் மலர்ந்தது. தங்கச்சிக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்துவிட்டால் அவருக்கு அன்று முழுவதும் சாப்பாடே வேண்டாம்.

வெந்நீரைக் காற்றுக் குழாயின் மேல் ஊற்றினார்கள். ஊற்றிய நீர் குழாயைச் சுற்றியே உறைந்தது. விரலளவு இருந்த குழாய் தொடையளவு ஆனது. அடுத்து, ஷூச்சினின் ஹேர் டிரையரைக் கேட்காமல் எடுத்துவந்து காட்டினார்கள். ஒரு சாண் இளகியது. டிரையரிலிருந்து எரிந்த முடி வாடை கிளம்பியதும் நிறுத்தினார்கள்.

"லாரிக்காரங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா?" என்றார் மச்சான். "பிரேக்குக் காத்து உறைஞ்சா, குழாய்க்குள்ள சாராயத்தை ஊத்துவாங்க."

"நம்மகிட்ட ஏது சாராயம்?"

இருவரும் ஒரே நேரத்தில் கல்யாணப் பந்திக்காக அடுக்கி வைத்திருந்த பெட்டிகளைப் பார்த்தார்கள். சோளச் சாராயம், அறுபது சதவீத வீரியம். ஒரு பாட்டில் குழாய்க்குள் போனது. மச்சான் வாசனை சரியாக இருக்கிறதா என்று பார்க்க இன்னொன்றில் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்.

கம்ப்ரஸர் உறுமியது. குழாய் நெளிந்தது. பிறகு துப்பாக்கி வாயிலிருந்து காற்றும் சாராயமும் ஐஸ் துணுக்குமாகச் சீறிக்கொண்டு வந்தது. பாவ்லின் முன்கதவுகள் இரண்டின் இடுக்கிலும் சுற்றிச் சுற்றி ஊதினார். கார் முழுவதும் சந்தைக்கடை மதுச்சாலை மாதிரி மணத்தது. பின்கதவுக்குத் திரும்பினார். துப்பாக்கி விக்கியது. நின்றது. உள்ளே எங்கோ ஒரு ஐஸ் கட்டி நகர்ந்து வந்து வசதியாக உட்கார்ந்துவிட்டது.

"இன்னொரு பாட்டில்," என்றார் மச்சான்.

அதற்குள் மகன் ஹாய்போவும் கார் டிரைவரும் வந்துவிட்டார்கள். ஹாய்போவின் தலையெண்ணெய் காதுமடல் வரை வழிந்தது.

"அப்பா, நேரமாச்சு. முடிஞ்சுதா?"

பாவ்லின் மகனைப் பார்த்தார். ஊதாத பின்கதவுகளைப் பார்த்தார். வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஷூச்சினைப் பார்த்தார்.

"முடிஞ்சுது," என்றார். "பளபளன்னு இருக்கு. போயிட்டு வா."

ஹாய்போ முன்கதவைத் திறந்து டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டான். பின்கதவை யாரும் தொடவில்லை. கார் வேகமெடுக்கும் வரை பாவ்லின் தன் கம்பளிக் கையுறையால் பின்கதவு விளிம்பைத் துடைத்துக்கொண்டே கூட ஓடினார்.

"என்னப்பா?"

"தூசி, தூசி. நீ போ."

உள்ளே ஹீட்டர் ஓடும், எல்லாம் இளகிவிடும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். பலமுறை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

*

கல்யாணச் சாப்பாட்டுக் கூடம் தெருமுனையில் இருந்தது. அந்தக் காலத்தில் யாரிடமும் கைப்பேசி கிடையாது. கார் எங்கே வருகிறது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான். உறவு சனம் முழுவதும் வாசலில் நின்று கால் உதைத்துக்கொண்டிருந்தது. சுவோனாக் குழல்காரர் பியென் ஊதிக்கொண்டிருந்தார். அவருடைய நாயனச் சத்தத்தில் கூரையிலிருந்து பனி உதிர்ந்தது.

கார் வந்தது. பட்டாசைக் கொளுத்தினார்கள்.

டிரைவர் இறங்கினார். வழக்கம் மறக்காதவராகக் கதவைப் பூட்டினார். பாவ்லினைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பட்டாசுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. திறந்த வாயில் மச்சான் சிகரெட்டைச் செருகி, பற்ற வைத்து, "டிரைவருக்கு முதல் பந்தி. வாங்க, வாங்க," என்று தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார். கல்யாண டிரைவரைக் குளிரில் நிற்க வைத்தார்கள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது.

காரின் சன்னல்களில் உறைபனி தடித்துப் பூத்திருந்தது. அதன் மேல் கல்யாணங்களில் ஒட்டுகிற இரட்டை மங்கல எழுத்து சிவப்புக் காகிதத்தில் ஒட்டியிருந்தது. உள்ளே, பின் இருக்கையில், சிவப்பாக ஒரு உருவம் குந்தியிருப்பது மங்கலாகத் தெரிந்தது.

ஷூச்சின் தலைமுடியைத் தடவிச் சரிசெய்துகொண்டாள். கையில் பணம் வைத்த சிவப்பு உறை. மாமியார் அதைக் கொடுத்து அழைத்தால்தான் மருமகள் வண்டியை விட்டு இறங்குவாள். அதுதான் முறை.

"யென்லிங் கண்ணு, வீடு வந்தாச்சு. இறங்கு தாயி."

கதவு திறக்கவில்லை.

"ஒண்ணு பத்தாது போல," என்றார், அதற்குள் திரும்பி வந்துவிட்ட மச்சான்.

"சும்மா இருண்ணே. கூப்பிட்டதும் குதிக்கிறவ நல்ல வீட்டுப் பொண்ணா? நான் வந்தப்ப மூணு தடவை கூப்பிட்டாத்தான் இறங்கணும்னு அம்மா சொல்லி அனுப்புச்சு."

"நீ எங்க இறங்கின? குதிரைக்குக் குளிர் தாங்காம வண்டியோட லாயத்துக்குள்ள ஓடிப்போச்சு. உன்னை வைக்கோல்ல இருந்துல்ல எடுத்தோம்."

எல்லாரும் சிரித்தார்கள். பாவ்லின் சிரிக்கவில்லை. அவர் காரின் மறுபக்கம் போய், யாரும் பார்க்காதபோது பின்கதவுக் கைப்பிடியை மெல்ல இழுத்தார். அசையவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தார். கையுறைதான் ஒட்டிக்கொண்டது. முன்கதவை இழுத்துப் பார்த்தார். அதுவும் வரவில்லை.

'இதை நல்லா ஊதினேனே,' என்று இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். ஊதிய கதவுக்கே இந்தக் கதி என்றால் ஊதாத கதவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அந்தப் பக்கம் ஷூச்சின் இரண்டாவது உறையைக் காட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தன் காதுத் தோட்டைக் கழற்றிக் கண்ணாடியில் தட்டினாள்.

"பாரும்மா, எங்க மாமியார் எனக்குப் போட்டது. இனி உன்னுது. இறங்கு."

சிவப்பு உருவம் அசையவில்லை.

"என்ன அழுத்தம் பாரு," என்று ஷூச்சின் கணவனிடம் கிசுகிசுத்தாள். "திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கிறா. உன் பையன் உள்ள உட்கார்ந்துகிட்டு ஒரு வார்த்தை பேசலையே. இன்னும் கும்பிட்டுக்கூட ஆகலை, அதுக்குள்ள அவ பக்கம் சேர்ந்துட்டான்."

"அவன் என்ன பண்ணுவான், பாவம்."

"ஏன், வாயை உறைய வச்சுட்டாங்களா?"

உறைய என்ற சொல்லைக் கேட்டதும் பாவ்லின் கூடத்துக்குள் ஓடினார்.

ஒரு கெட்டில் கொதிநீருடன் திரும்பினார். "கைப்பிடி அழுக்கா இருக்கு," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஊற்றினார். பாதி ஆவியாகி மேகம் மாதிரி எழுந்து எல்லாருடைய புருவத்திலும் படிந்தது. மீதி கதவு வழியே இறங்கி, தரையைத் தொடுவதற்குள் உறைந்தது. கதவுக்கு வெள்ளைத் தாடி முளைத்தது.

"நல்ல வயசான கதவாப் போச்சு," என்றார் மச்சான்.

"நீங்க வேற, மச்சான். அந்த ஹேர் டிரையர் எங்க?"

"என் டிரையரா?" என்றாள் ஷூச்சின். "அது உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

பாவ்லின் மச்சானின் கோட்டுப் பையிலிருந்து அதை உருவி, கூடத்துச் சுவரிலிருந்து ஒயரை இழுத்துவந்து சொருகினார். அது ஒருமுறை ஊளையிட்டது. கூடம் முழுவதும் விளக்கு அணைந்தது.

சமையற்கட்டுக்குப் பொறுப்பான ஹௌ அக்கா கையில் கரண்டியுடன் வெளியே வந்தாள். கோபத்தில் அவள் உச்சந்தலையிலிருந்து ஆவி வந்தது. இல்லை, வேகவைத்த பன் கூடையிலிருந்து வந்த ஆவியாகவும் இருக்கலாம்.

"யாரு ஃபியூஸைப் போக்குனது? இருட்டுல நான் மீனைப் பொரிக்கவா, விரலைப் பொரிக்கவா?"

"கொஞ்சம் பொறுத்துக்கோங்கக்கா. பொண்ணு இறங்கணும்."

"பொண்ணு இறங்குறதுக்கும் என் ஃபியூஸுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் கம்பி கட்ட உள்ளே போனாள்.

சூரியன் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. பெண் வீட்டார் பின்னால் வேனில் வருவதாக ஏற்பாடு. பெண்ணின் சித்தப்பா டோஃபு, அதாவது சோயாப் பால்கட்டி, விற்கிறவர். அவருடைய வேன்தான். அது இன்னும் வந்து சேரவில்லை என்பது ஒன்றே பாவ்லினுக்கு ஆறுதல். வந்தால் சம்பந்தியம்மா இறங்குவாள். காரைப் பார்ப்பாள். பெண் உள்ளே இருப்பதைப் பார்ப்பாள். 'கார் கழுவுற வீடுதானே' என்பதை இந்த முறை மெல்லச் சொல்ல மாட்டாள்.

"டிரைவரைக் கூப்பிடலாமா?" என்று மச்சான் காதோடு கேட்டார்.

"வேணாம், வேணாம். மேனேஜர் காதுக்குப் போகும். பாவ்லின் கழுவுன கார் கதவு திறக்கலைன்னா நாளைக்கு எவன் வருவான் கழுவ?"

"அப்ப காத்துதான் வேணும். வலுவான, நிக்காத காத்து."

இருவரும் மறுபடியும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் பார்த்தார்கள். இந்த முறை சாராயப் பெட்டியை அல்ல, சுவோனாக் குழல்காரர் பியெனை.

"பியென் அண்ணே, உங்க மூச்சு எவ்வளவு நேரம் நிக்கும்?"

"மூக்கால இழுத்துக்கிட்டே வாயால விடுவேன். ஹெ குடும்பத்துச் சாவுல ஒரு பகல் முழுக்க நிறுத்தாம..."

"நல்ல நாள்ல அந்தப் பேச்சு வேணாம்," என்றாள் ஷூச்சின்.

"சாவித் துளையில கொஞ்சம் ஊதுங்கண்ணே," என்றார் பாவ்லின்.

"எதுக்கு?"

"பொண்ணு காதுக்கு நாயனம் நேரா கேட்கட்டும்னுதான்."

பியென் முப்பது வருஷம் கல்யாணங்களுக்குப் போய் வந்தவர். இதைவிடப் பைத்தியக்காரச் சடங்குகளைப் பார்த்திருக்கிறார். குழலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, துளையில் வாய் வைத்து ஊதினார். கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பியது. நல்ல சூடான காற்று. கதவின் தாடியில் ஒரு சொட்டு விழுந்தது.

"இளகுது," என்றார் மச்சான். "விடாதீங்கண்ணே."

பியென் விடவில்லை. சிறிது நேரம் கழித்து விட நினைத்தார். முடியவில்லை.

"ம்ம்ம்," என்றார்.

"என்ன சொல்றாரு?"

"உதடு ஒட்டிக்கிச்சு."

வெதுவெதுப்பான தேநீரைக் கொண்டுவந்து, சொட்டுச் சொட்டாக ஊற்றி, பியெனைக் காரிலிருந்து பிரித்தார்கள். அவர் உதட்டைத் தடவிப் பார்த்தார். இருந்தது. போய் முரசுக்காரருக்குப் பின்னால் நின்றுகொண்டார். ஊற்றிய தேநீர் சாவித் துளைக்குள் போய் உறைந்தது.

பியென் ஊத ஆரம்பித்த பிறகு ஷூச்சின் எதையும் கவனிக்கவில்லை. அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி பேசிக்கொண்டிருந்தாள். குரல் இறங்கிவிட்டிருந்தது.

"உறைக்காக நீ உட்கார்ந்திருக்கலைன்னு எனக்குப் புரியுது கண்ணு. புது வீடு, பயமா இருக்கும். எனக்கும் இருந்துச்சு. நீ எனக்கு முன்னாடி எந்திரிக்க வேணாம். அடுப்பை நானே மூட்டிக்கிறேன். சமையல்ல குறை சொல்ல மாட்டேன். சொன்னாலும் உன் காதுல விழாத மாதிரிச் சொல்லிக்கிறேன். செங்கல் கட்டில்ல அடுப்போரம் இருக்கிற சூடான இடம் இனி உனக்குத்தான்."

"அதுல நான்ல படுக்கிறேன்," என்றார் பாவ்லின்.

"இனிமே சன்னலோரம் படு."

உள்ளே சலனமில்லை. ஷூச்சின் நிமிர்ந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. குளிராலா அழுகையாலா என்று பாவ்லினுக்குத் தெரியும்.

"அவளுக்கு என்னைப் பிடிக்கலை, ஹாய்போ அப்பா," என்றாள். "அடுப்போரத்தையே குடுத்துட்டேன். இதுக்கு மேல என்கிட்ட என்ன இருக்கு?"

பாவ்லினால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. தொப்பியைக் கழற்றினார். அந்தக் குளிரில் தொப்பியைக் கழற்றினால் விஷயம் பெரியது என்று பொருள். வாத்தியம் நின்றது.

"அவ அடம் பிடிக்கலை, ஷூச்சின். கதவு உறைஞ்சு கிடக்கு."

"என்னது?"

"பின்கதவுக்குக் காத்தடிக்கலை. காத்து வரலை. நேத்து ராத்திரி நான் தண்ணியை இறக்கலை. இறக்கினேன்னு காலையில பொய் சொன்னேன். உன் டிரையரையும் நான்தான் கெடுத்தேன். பந்திச் சாராயத்துல ஒரு பாட்டில் குழாய்க்குள்ள போச்சு."

"ரெண்டு," என்றார் மச்சான். சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தார்.

ஷூச்சின் கணவனைப் பார்த்தாள். உறவுக்காரர்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். அவள் திட்ட ஆரம்பித்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். உச்சிக்கு அவ்வளவு நேரம் இல்லை.

ஆனால் அவள் திட்டவில்லை. அவர் கையிலிருந்த தொப்பியைப் பிடுங்கி அவர் தலையிலேயே மாட்டி, காதை மூடும் பட்டையை இழுத்துக் கட்டினாள்.

"அப்ப அவளுக்கு என்னைப் பிடிக்கலைன்னு இல்லையே?"

"இல்லவே இல்லை."

"அதைச் சொல்ல உனக்கு இவ்வளவு நேரமா? என் உசுரே போயிருச்சு." கண்ணாடிப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். "கண்ணு, பயப்படாத. உன் மாமனாரு ஒரு மடையன், ஆனா கெட்டவன் இல்லை. இதோ எடுத்துடுறோம். ஹாய்போ, அவ கையைத் தேய்ச்சு விடுடா."

பிறகு உறவு சனத்தைப் பார்த்தாள்.

"என்ன வேடிக்கை? எல்லாரும் கோட்டைத் திறங்க. வாங்க இங்க."

"எதுக்கு?"

"வெந்நீர் உறையுது. சாராயம் உறையுது. மனுசச் சூடு உறையாது. கதவைக் கட்டிப் பிடிங்க."

முதலில் ஷூச்சின்தான் தன் பஞ்சு கோட்டை அகலத் திறந்து கதவோடு ஒட்டிக்கொண்டாள். பக்கத்தில் பாவ்லின். அவரைத் தள்ளிக்கொண்டு மச்சான், "என் வயிறுதான் இங்க பெரிய அடுப்பு," என்று சாய்ந்தார். அத்தைகள், பெரியம்மாக்கள், முரசுக்காரர், எதிர்வீட்டுப் பல் டாக்டர், மீண்டும் உதட்டைப் பணயம் வைக்காமல் முதுகை மட்டும் கொடுத்த பியென், எல்லாரும் கோட்டைத் திறந்து காரின் இரண்டு பக்கமும் அப்பிக்கொண்டார்கள். தலையில் பட்டுத்துணி கட்டிய கறுப்புக் காரை ஒரு ஊரே அணைத்துக்கொண்டு நின்றது.

"கஷ்டமா இருக்கு," என்றாள் ஷூச்சின், கன்னத்தைக் கதவில் வைத்தபடி. "ஆனாலும் ஒண்ணு சொல்றேன். இவ்வளவு நேரம் அந்தப் பொண்ணு ஒரு முனகல் முனகலை. பொறுமைசாலி. நம்ம வீட்டுக்கு இப்படித்தான் ஒருத்தி வேணும்."

"உன்னை மாதிரி," என்றார் பாவ்லின்.

"என்னை மாதிரியா? நானா இருந்தா கண்ணாடியை உடைச்சிருப்பேன்."

"அதான் சொன்னேன்."

அவள் கோட்டுக்குள் சிரித்தாள். கதவின் தாடியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. உள்ளே ரப்பர் எங்கோ டப் என்று விடுபட்ட சத்தம் கேட்டது.

"வருது, வருது," என்றார் மச்சான். "மூணு எண்ணுவேன். எல்லாரும் சேர்ந்து இழுங்க."

கூடத்தின் கனத்த திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ஹௌ அக்கா மறுபடியும் வெளியே வந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மீன் பொரிந்த வாசனையும் வந்தது. காரை அணைத்துக்கொண்டிருந்த கூட்டத்தை அவள் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தாள்.

"என்ன பண்றீங்க எல்லாரும்?"

"பொண்ணை இறக்குறோங்கக்கா," என்றார் பாவ்லின் மூச்சு வாங்க.

"உள்ள இருக்கிறது, முன்கதவு வழியாத் திணிச்சு அனுப்புன அவங்க வீட்டுச் சிவப்புச் சீர் மெத்தைங்கய்யா. கதவு அங்கேயே திறக்கலைன்னு பொண்ணும் மாப்பிள்ளையும் சித்தப்பாவோட டோஃபு வண்டியில ஏறி, அந்த வண்டி எப்பவும் வர்ற பின்வாசல் வழியா என் அடுப்பங்கரைக்குள்ள வந்து, நான் ஃபியூஸ் கட்டினதுல இருந்து மேடையில நிக்கிறாங்க. கும்பிடணும்னு பார்த்தா மாப்பிள்ளையோட அப்பா அம்மாவைத்தான் காணோமாம்."